மாணவன் ஏன் மலைக்கிறான்?

கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ரெக்கார்டு நோட்டு என்று ஒன்று உண்டு. இந்த வாரம் செய்த சோதனையை அடுத்த வாரம் எழுதிக் கொண்டுவந்து ஆசிரியரிடம் கையொப்பம் பெற வேண்டும் என்பது விதி. நாற்பது பேர் உள்ள வகுப்பில் பத்துப் பேர் அவ்வாறு கொண்டுவருவார்கள். மற்றவர்களுடைய நோட்டுகள் செய்முறைத் தேர்வுக்கு முந்திய மூன்று இரவுகளில் உருவாகும். சென்ற ஆண்டு படித்தவருடைய நோட்டிலிருந்து அளவீடுகள்கூட அப்படியே இறங்கிவிடும். கையொப்பமிடும் ஆசிரியருக்கும் இது தெரியும். அவருக்குத் தெரியும் என்பது மாணவர்களுக்கும் தெரியும்.

இதைப் பற்றி ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தால் கடைசியில் ஒரு வாக்கியத்தில் வந்து நிற்கும்: "இவர்களுக்குப் படிக்க மனமில்லை."

இவ்வாக்கியத்தைச் சற்று ஆராய்வோம். மாணவன் ஏன் எழுதவில்லை? மனமில்லை. மனமில்லை என்று எப்படி அறிந்தோம்? எழுதவில்லையே, அதனால்தான்! ஆக, நாம் காரணம் கூறவில்லை. நிகழ்ச்சிக்கு இன்னொரு பெயர் சூட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். காந்தம் ஏன் இரும்பை ஈர்க்கிறது என்று கேட்டால், "அதற்கு ஈர்க்கும் குணம் இருக்கிறது" என்று விடை எழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவதில்லை. அதே விடையை மாணவனைப் பற்றி நாம் எழுதும்போது மட்டும் ஏற்றுக்கொள்கிறோம்.

ஒரு பரப்பின் பண்பா, இரு பரப்புகளின் உறவா?

காரைக்குடி முத்துமாரியம்மன் கோயிலில் மாசி–பங்குனித் திருவிழா நடைபெறும்போது தெருக்களில் சீரியல் விளக்குகள் கட்டுவார்கள். அந்த வேலைக்குப் போகும் இளைஞர்களில் கல்லூரி மாணவர்களும் உண்டு. ஓம் விதிச் சோதனையை மூன்று வாரங்களாக எழுதாத ஒருவரிடம், "பழைய 6 வோல்ட் பல்புகளை 230 வோல்ட் இணைப்பில் தொடராகப் போட ஒரு சரத்துக்கு எத்தனை வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். "நாப்பது போடணும் சார். முப்பது போட்டா சீக்கிரம் போயிடும்" என்று தயங்காமல் சொல்வார்.

230ஐ 6ஆல் வகுத்தால் 38 சொச்சம். நாற்பது பல்புகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 5.75 வோல்ட் கிடைக்கும். சற்று மங்கலாக எரிந்தாலும் நெடுநாள் உழைக்கும். முப்பது என்றால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 7.7 வோல்ட், இழை விரைவில் அறுந்துபோகும். ஒரு பல்பு போய்ச் சரம் முழுவதும் அணைந்துவிட்டால், நடுவில் சோதித்து எந்தப் பாதியில் பழுது என்று கண்டு, அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கித் தேடுகிறார். ஆறே சோதனைகளில் நாற்பதில் ஒன்று அகப்பட்டுவிடும். கணிப்பொறி அறிவியலில் இதே முறையை ஒரு பாடமாகவே நடத்துகிறார்கள்.

இவருக்கு மனமில்லை என்று எப்படிச் சொல்வது? இரவு இரண்டு மணி வரை ஏணியில் நின்று செய்யும் வேலைக்கு மனம் இருக்கிறது. அதே மின்சுற்று பற்றிய ரெக்கார்டு நோட்டுக்கு இல்லை.

உராய்வு பற்றிய பாடத்தில் மாணவர்கள் பொதுவாகச் செய்யும் ஒரு பிழையை இங்கு நினைவுகூரலாம். "மரத்தின் உராய்வுக் குணகம் எவ்வளவு?" என்று கேட்பார்கள். மரத்துக்கென்று தனியாக உராய்வுக் குணகம் கிடையாது. மரத்துக்கும் கண்ணாடிக்கும் ஒன்று. மரத்துக்கும் செங்கல்லுக்கும் வேறொன்று. உராய்வு ஒரு பரப்பின் பண்பன்று, இரு பரப்புகளுக்கு இடையேயுள்ள உறவு. படிக்கும் விருப்பமும் அத்தகையதே. அது மாணவனுக்குள் மட்டும் இருக்கும் பொருளன்று. மாணவனுக்கும் அவன்முன் வைக்கப்பட்ட பணிக்கும் இடையே உள்ளது. (மாணவன் என்று எழுதினாலும் மாணவியரையும் சேர்த்தே சொல்கிறேன்.) ஆகவே மாணவனை மாற்ற முடியாவிட்டாலும் பணியின் பரப்பை மாற்றிப் பார்க்க இடமிருக்கிறது.

கூட்டல் அன்று, பெருக்கல்

ஒரு செயலில் இறங்க மனிதனைத் தூண்டுவது எது என்ற கேள்விக்கு அமெரிக்க உளவியல் அறிஞர் ஜான் அட்கின்சன் 1957இல் ஒரு வாய்பாட்டை முன்வைத்தார். 1980களில் ஜாக்குலின் எக்கிள்சும் அவருடன் பணியாற்றியவர்களும் பள்ளி மாணவர்களிடம் ஆராய்ந்து அதை விரிவாக்கினர். அதன் சாரம் எளிது. இரண்டு காரணிகள் உள்ளன. ஒன்று, "முயன்றால் என்னால் முடியும்" என்ற எதிர்பார்ப்பு. மற்றொன்று, "முடித்தால் எனக்கு ஏதோ பயன் உண்டு" என்ற மதிப்பு. முயற்சியின் அளவு இவ்விரண்டின் பெருக்கற்பலனைப் பொறுத்தது.

பெருக்கல் என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. கூட்டலாக இருந்தால் ஒன்று குறைந்தாலும் மற்றொன்று ஈடுசெய்துவிடும். பெருக்கலில் ஒன்று சுழியாகிவிட்டால் மற்றதை ஆயிரமாக உயர்த்தினாலும் விடை சுழிதான்.

இனி நமது அறிவுரைகளை எண்ணிப் பாருங்கள். "உன் அப்பா வெயிலில் நின்று உழைக்கிறார், நீ படித்தால்தான் குடும்பம் முன்னேறும்." "டிகிரி இல்லாமல் என்ன வேலை கிடைக்கும்?" இவையெல்லாம் இரண்டாம் காரணியைப் பெருக்கும் முயற்சிகள். கல்லலிலிருந்தும் புதுவயலிலிருந்தும் காலைப் பேருந்தில் நின்றுகொண்டே வரும் முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவனுக்குப் படிப்பின் பயனை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை; நம்மைவிட நன்றாகவே அவனுக்குத் தெரியும். அவனிடத்தில் சுழியாக இருப்பது பெரும்பாலும் முதல் காரணி. அங்கே சுழி இருக்க, இங்கே நாம் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக்கொண்டிருக்கிறோம். போதாக்குறைக்கு, பயனைப் பற்றி அதிகம் பேசப் பேச, தோற்றால் என்ன ஆகும் என்ற அச்சமும் கூடவே வளர்கிறது.

"முடியாது" என்பது எங்கிருந்து வருகிறது?

1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர் நாய்களிடம் நடத்திய சோதனை புகழ்பெற்றது. (இன்று அத்தகைய சோதனைக்கு எளிதில் அனுமதி கிடைக்காது, அது நல்லதே.) ஒரு பிரிவு நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் மின்னதிர்ச்சி நின்றுவிடும். மற்றொரு பிரிவுக்கும் அதே அளவு அதிர்ச்சி, அதே நேரத்துக்குக் கொடுக்கப்பட்டது. ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. பின்னர் இரு பிரிவுகளும் ஒரு பெட்டிக்குள் விடப்பட்டன. நடுவிலுள்ள தாழ்வான தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடலாம். முதல் பிரிவு தாண்டிவிட்டது. இரண்டாம் பிரிவில் பெரும்பாலானவை தாண்ட முயலாமல் படுத்துவிட்டன. இரு பிரிவுகளும் பட்ட துன்பம் ஒன்றே. வேறுபாடு, தம் செயலுக்குப் பலன் இருந்ததா என்பதில் மட்டுமே. இதற்குக் "கற்றுக்கொண்ட கையறுநிலை" என்று பெயரிட்டார்கள். உளவியல் பாடநூல்கள் ஐம்பது ஆண்டுகள் அதை அப்படியே சொல்லிவந்தன.

2016இல் அதே இருவரும் தம் கொள்கையைத் தாமே திருத்தினர். மேயர் இடையில் நரம்பியல் பயின்று எலிகளின் மூளையை ஆராய்ந்துகொண்டிருந்தார். நீண்ட துன்பத்தின்போது மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறு நரம்பணுத் தொகுதி செரட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து உடலைச் செயலற்றுப்போகச் செய்கிறது. இதை எந்த விலங்கும் கற்க வேண்டியதில்லை, இயல்பாகவே நிகழ்கிறது. கற்கப்படுவது இதற்கு எதிரானது. "என் செயலால் நிலைமை மாறுகிறது" என்பதை முன்மூளையின் ஒரு பகுதி உணரும்போது, அது அந்தத் தொகுதியை அடக்கிவைக்கிறது. ஒருமுறை இவ்வாறு கற்ற விலங்கு அடுத்த துன்பத்திலும் எளிதில் சோர்வதில்லை.

எலியிலிருந்து மாணவனுக்குத் தாவுவதில் எச்சரிக்கை தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் கேள்வியே தலைகீழாக மாறிவிடுவதைக் கவனியுங்கள். "இவன் ஏன் இப்படிச் சோம்பிக் கிடக்கிறான்?" என்பது இனிக் கேள்வியன்று. "தன் முயற்சிக்குப் பலன் உண்டு என்பதை இவன் எங்கே, எப்போது கற்றிருக்க முடியும்?" என்பதே கேள்வி. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் இயற்பியல் படித்தவன் ஜூன் மாதத்தில் ஒரு நாள் வகுப்பில் வந்து அமர்கிறான். உந்தம் என்று அவன் அறிந்தது மொமண்டம் ஆகிவிடுகிறது. திருப்புத்திறன் டார்க் ஆகிவிடுகிறது. அறிந்த பொருளே அறியாத பொருளாகத் தோன்றுகிறது. முதல் மாதத்தில் அவன் குறிப்பெடுக்க முயல்கிறான். இரண்டாம் மாதத்தில் பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதுகிறான். மூன்றாம் மாதத்தில் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறான்.

படியிறங்கி வந்த பாடம்

தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி அளவில் இந்தச் சிக்கலைப் பெருமளவில் எதிர்கொண்ட முயற்சி செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளியில், சுற்றுப்புறக் கிராமக் குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்ட அட்டை முறையைச் சென்னை மாநகராட்சி 2003இல் 13 பள்ளிகளில் சோதனையாகக் கொண்டுவந்தது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். 2007–08இல் அது மாநிலத்தின் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாயிற்று.

அம்முறையில் பாடப்பொருள் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் படக்குறியிட்ட அட்டைகள் இருந்தன. சுவரில் ஓர் ஏணி மாட்டியிருக்கும். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைக் குழந்தை தானே பார்த்து, அடுத்த அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். கரும்பலகை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தது.

இதில் எனக்கு மிகச் சிறப்பாகத் தோன்றுவது வண்ண அட்டையன்று. பத்து நாள் காய்ச்சலில் கிடந்தோ, பெற்றோருடன் வெளியூர் சென்றோ திரும்பிய குழந்தை, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம் என்பதுதான். வழக்கமான வகுப்பில் பாடம் ரயில் வண்டியைப் போல ஓடிவிடும். தவறவிட்டவன் அடுத்த நிலையத்திலும் ஏற முடியாது.

குறைகளும் இல்லாமல் இல்லை. அட்டைகள் தொலைந்தன, பதிவேடுகள் பெருகின, வீட்டுப்பாடம் இல்லாத பள்ளியைப் பெற்றோர் பலர் ஐயத்துடன் பார்த்தனர். 2012க்குப் பின் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது அம்முறையும் மாற்றம் பெற்றது. எனினும் அடிப்படைக் கருத்து மறையவில்லை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில், அவர்கள் நிற்கும் இடத்திலிருந்தே கற்பிக்கப்படுகின்றனர்.

இக்கருத்துக்கு அளவீட்டுச் சான்றும் உண்டு. 2001 முதல் 2003 வரை வதோதராவிலும் மும்பையிலும் பின்தங்கிய குழந்தைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே பிரித்து, அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண்களைக் கொண்டு அடிப்படைகளை மட்டும் கற்பித்தனர். எந்தப் பள்ளிகளில் இதைச் செய்வது என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதால், ஒப்பீடு நம்பத்தக்கதாக அமைந்தது. மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்தன. அதிகம் பயனடைந்தவர்கள் கடைநிலையில் இருந்தவர்களே. இவ்வாய்வை நடத்தியவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் 2019இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபின் 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலை வேளையில் தெருத் திண்ணையிலும் மரத்தடியிலும் குழந்தைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தனர். கார்த்திக் முரளிதரனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணித்தார்கள். "இரண்டு ஆண்டுகள் வீட்டிலிருந்து கெட்டுப்போன பிள்ளைகள், இனி உட்காரமாட்டார்கள்" என்று அப்போது பேசாதவர் இல்லை.

சைக்கிளும் எழுத்தும்

பெருக்கலின் இரண்டாம் காரணியைச் சரியாகக் கையாண்ட கதை நமக்குப் பக்கத்திலேயே, புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் முனைப்பாகத் தொடங்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் பல்லாயிரம் தொண்டர்களும் அதில் ஈடுபட்டனர். மாவட்ட ஆட்சியர் ஷீலாராணி சுங்கத். கற்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்: வயல் வேலை செய்பவர்கள், கல் உடைப்பவர்கள். பகல் முழுதும் உழைத்துக் களைத்தவர்களை இரவில் அரிக்கேன் விளக்கின் முன் உட்காரவைக்க எந்த அறிவுரை போதும்?

அங்கே எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டும் பயிற்சியும் சேர்க்கப்பட்டது. பேருந்து வராத ஊரில் தண்ணீர் எடுக்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஆணை எதிர்பார்த்துக் காத்திருந்த பெண்களுக்குச் சைக்கிள் என்பது அன்றாடத் தேவை. கிண்டலையும் பொருட்படுத்தாமல் பல்லாயிரம் பெண்கள் கற்றார்கள். சைக்கிள் கற்கும்போது ஒன்று உடனடியாகத் தெரிந்துவிடுகிறது: நேற்று விழுந்தேன், இன்று பத்து அடி போனேன். முயற்சியின் பலன் கண்ணெதிரே நிற்கிறது. அதாவது சைக்கிள் பயன் என்ற காரணியை மட்டும் உயர்த்தவில்லை. "என்னால் முடியும்" என்பதையும் சேர்த்து உயர்த்திவிட்டது. அறிவொளி பற்றிப் பேசுவோர் சைக்கிளை ஒரு வேடிக்கையான துணுக்காகச் சொல்லிப்போவதுண்டு. என் கருத்தில் அந்த இயக்கத்தின் நடுப்பொருளே அதுதான்.

பரிசு கொடுத்தால்?

மதிப்பெண், பரிசு, பாராட்டு இவற்றால் பயன் என்ற காரணியை உயர்த்த முடியாதா? முடியும். ஆனால் இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது.

1973இல் மார்க் லெப்பரும் இரு உடன் ஆய்வாளர்களும் மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தனர். வண்ணப் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள குழந்தைகளைத் தேர்ந்து மூன்று பிரிவாக்கினர். முதல் பிரிவிடம், "வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் பிரிவுக்கு வரைந்தபின் எதிர்பாராமல் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல், பேனாக்களை மேசைமேல் வைத்து மறைவிலிருந்து கவனித்தார்கள். மற்ற இரு பிரிவுகளும் வரைவதில் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதியையே முதல் பிரிவு செலவிட்டது. பரிசுக்காக வரைந்த குழந்தைக்கு, பரிசு நின்றதும் வரையும் காரணமும் நின்றுவிட்டது.

1999இல் எட்வர்டு டெசியும் மற்றவர்களும் இத்தகைய 128 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். பேசிவைத்துக் கொடுக்கும் பரிசு இயல்பான ஆர்வத்தைக் குறைக்கிறது. எதிர்பாராப் பரிசு குறைப்பதில்லை. "இந்த வரைபடத்தில் அலகுகளைச் சரியாகக் குறித்திருக்கிறாய்" என்பது போன்ற, தகவல் தரும் பாராட்டு ஆர்வத்தை உயர்த்தவும் செய்கிறது. முதலிலேயே ஆர்வம் இல்லாத சலிப்பான வேலையில் பரிசினால் பெரிய கேடில்லை. குறைவதற்கு அங்கே ஒன்றுமில்லையே! அக மதிப்பீட்டு மதிப்பெண்ணைக் காட்டி ரெக்கார்டு நோட்டை வாங்குவதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். அதையே காட்டி மாணவனைக் கேள்வி கேட்கச் சொல்வதுதான் தவறு. கேள்வி கேட்பது அவனுக்கு இயல்பாக வருவது. அதற்கு விலை வைத்துவிட்டால் பிறகு விலையில்லாமல் வராது.

தண்டனை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது ஒரு செயலை நிறுத்தும். வேறொரு செயலைக் கற்பிக்காது. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடை செய்திருக்கிறது.

எப்போது, எங்கே?

சில மாணவர்களுக்கு இரண்டு காரணிகளும் இருக்கும். ஆனாலும் வேலை தொடங்காது. ஓய்விலுள்ள பொருளை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகரும் பொருளைத் தொடர்ந்து நகர்த்தத் தேவைப்படுவதைவிட அதிகம் என்பதை அறிவோம். இங்கேயும் தொடக்கம்தான் கடினம்.

ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு உதவும். கிறிஸ்துமஸ் முன்னிரவை எவ்வாறு கழித்தோம் என்று இரண்டு நாட்களுக்குள் கட்டுரை எழுதி அனுப்புமாறு மாணவர்களிடம் கேட்டனர். பாதிப் பேரிடம் கூடுதலாக ஒன்று கேட்டார்கள்: எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப் போகிறீர்கள் என்பதைக் குறித்துக் கொடுங்கள். குறித்துக் கொடுத்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் எழுதி அனுப்பினர். மற்றவர்களில் மூன்றில் ஒருவர்தான்.

இது எங்கள் ஆய்வுக்கூடத்தில் செலவில்லாமல் செய்யக்கூடியது. "நாளை எழுதுகிறேன் சார்" என்பதற்குப் பதில், "செவ்வாய்க்கிழமை மாலை, பஸ்ஸுக்கு முன், நூலகத்தில்" என்று மாணவன் தன் கையால் நோட்டின் ஓரத்தில் எழுதுகிறான். இதைவிட நல்லது, சோதனை முடிந்த அன்றே கடைசி இருபது நிமிடத்தில் அளவீடுகளையும் ஒரு பத்தி முடிவையும் அங்கேயே எழுதவைத்துவிடுவது. வீட்டுக்குக் கொண்டுபோவது பாதி வேலையாக இருந்தால் அது தொடர்வதற்கு எளிது; வெற்று நோட்டாக இருந்தால் கடினம்.

வயிறும் தூக்கமும்

உளவியலை எல்லாவற்றுக்கும் மருந்தாகக் கொள்ளலாகாது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு அளித்தபோதும், 1956இல் காமராசர் அதை மாநிலம் எங்கும் கொண்டுசென்றபோதும், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தபோதும், குழந்தை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை மிகச் சாதாரணமானது: பசி. 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. கல்லூரிக்கு அத்தகைய ஏற்பாடு பொதுவாக இல்லை. ஆறரை மணிப் பேருந்தைப் பிடிக்கும் மாணவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்று நாம் கேட்பதுமில்லை.

செட்டிநாட்டுச் சமையலுக்கு ஊரெல்லாம் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால், முகூர்த்த நாட்களில் கேட்டரிங் குழுக்களுடன் மதுரைக்கும் திருச்சிக்கும் பரிமாறப் போகும் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். இரவு முழுதும் நின்று, விடியற்காலை வேனில் திரும்பி, ஒன்பதரை மணி வகுப்பில் தலை சாய்கிறார்கள். அந்தக் கூலியில்தான் தேர்வுக் கட்டணம் வருகிறது. தூங்கும் மாணவனை எழுப்பி ஒரு கேள்வி கேட்பதற்கு முன், ஆசிரியர் பஞ்சாங்கத்தைப் புரட்டி முந்தின நாள் முகூர்த்தமா என்று பார்க்கலாம். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வைகாசியிலும் ஆவணியிலும் முக்கியமான பாடத்தையும் தேர்வையும் எந்த நாளில் வைப்பது என்பதற்கு இது நல்ல வழிகாட்டி.

ஊசலுக்கு முன் ஒரு பந்தயம்

கற்பிக்கும் முறையையே மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். இயற்பியல் வகுப்பில் செய்துகாட்டல்கள் மாணவர்களை ஈர்க்கும் என்று நம்புகிறோம். ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூரின் குழு 2004இல் இதைச் சோதித்து ஒரு சங்கடமான முடிவைக் கண்டது. செய்துகாட்டலை வெறுமனே பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்காதவர்களைவிட அதிகமாக ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தம் கணிப்பைச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்கள் தெளிவாக அதிகம் புரிந்துகொண்டார்கள். முன்கணிப்புக்கு ஆன கூடுதல் நேரம் இரண்டே நிமிடம்.

ஒரு மீட்டர் நூலில் ஓர் இரும்புக் குண்டு. அதே நீள நூலில் ஒரு மரக்குண்டு. இருபது அலைவுக்கு எது அதிக நேரம் எடுக்கும்? கையைத் தூக்கச் சொன்னால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். கடைசி வரிசைக்கும் ஒரு கட்சி வேண்டுமே! பிறகு நான்கைந்து பேர் தங்கள் கைப்பேசியில் நேரத்தை அளக்கிறார்கள். இரண்டுக்கும் நாற்பது விநாடிதான், அரை விநாடி முன்பின். தோற்ற கட்சி உடனே, "நீங்க லேட்டா அழுத்துனீங்க" என்று சண்டைக்கு வருகிறது. பிழைகளின் கோட்பாடு பற்றிய பாடத்தை அந்தச் சண்டையிலிருந்து தொடங்கலாம். அந்த வாரத்து ரெக்கார்டு நோட்டில் சென்ற ஆண்டு எண்கள் இறங்குவதில்லை. தன் எண் எது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

இதிலும் ஒரு தடை உண்டு. 2019இல் லூயி டெலோரியேயும் அவர் குழுவினரும் அதே ஹார்வர்டில், மாணவர்கள் தாமே கணக்கிட்டு விவாதிக்கும் வகுப்பையும், திறமையான ஆசிரியர் நடத்தும் விரிவுரையையும் ஒப்பிட்டனர். தேர்வில் முதல் முறையே வென்றது. ஆனால் மாணவர்களைக் கேட்டபோது, விரிவுரையில்தான் நிறையக் கற்றதாகச் சொன்னார்கள். மூளை உழைக்கும்போது ஏற்படும் தடுமாற்றத்தை, புரியவில்லை என்பதன் அறிகுறியாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிகத் தெளிவாகப் பேசும் ஆசிரியரைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததாகத் தோன்றுகிறது. வீட்டில் நோட்டைத் திறந்தால்தான் உண்மை தெரிகிறது. எனவே மாணவனை உழைக்கச் சொல்லும் ஆசிரியர், "சார் பாடமே நடத்துவதில்லை" என்ற குற்றச்சாட்டைக் கொஞ்ச காலம் தாங்க வேண்டியிருக்கும். பருவத்தின் தொடக்கத்திலேயே இந்த முடிவை மாணவர்களுக்கு விளக்கிச் சொல்லி, சிறு தேர்வு ஒன்றும் வைத்துக் காட்டியபோது அவர்களுடைய மறுப்பு பெருமளவு தணிந்தது என்றும் அவ்வாய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஜூன் மாதத்து முதல் வாரத்தில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அதைத் தமிழில் செய்வது நல்லது.